வாக்குறுதியும் வரலாறும்

திருப்பூருக்கு இரயிலில் வந்து இறங்குகிறவர்கள், நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சற்றுத் தொலைவில் குமரனின் நினைவகத்தைக் காணலாம். சென்னிமலையில் 1904-ஆம் ஆண்டு பிறந்த அவ்விளைஞர், 1932-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் கொடியேந்தி ஊர்வலமாகச் சென்றபோது தடியடிக்கு ஆளாகி, மறுநாள் உயிர்நீத்தார். அவரைப் பெரிய சொற்பொழிவாளர் என்று எவரும் கூறுவதில்லை. கீழே விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை என்ற ஒரு செய்தியே அவர் பெயரை நிலைநிறுத்திவிட்டது. தாம் மேற்கொண்ட உறுதிக்கு உரிய விலையை அவர் தம் உடலாலேயே செலுத்தினார்.

நண்பர்களே, இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளும் உறுதிமொழியைப் பற்றியதே. கடல் கடந்த நாடொன்றில் ஓரினத்து மக்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படும்போது, 'இதனைத் தடுப்போம்' என்று அரசியல் தலைவர்கள் வாக்களிக்கின்றனர். அவ்வாக்கு எப்போது நிறைவேறியது, எப்போது நிறைவேறாமற் போயிற்று, ஏன் போயிற்று என்பதை வரலாற்றை வைத்துச் சிந்திப்போம். தமிழில் 'வாக்கு' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தலைவர் மக்களுக்குக் கொடுப்பதும் வாக்கு. தேர்தல் நாளில் மக்கள் தலைவருக்கு அளிப்பதும் வாக்கு. ஆனால் அயல்நாட்டில் மடிகின்ற மக்களோ நம் தலைவர்களுக்கு வாக்களிக்கும் உரிமையுடையவர் அல்லர். அவர்களுக்குக் கொடுத்த வாக்கைத் தலைவர் தவறவிட்டால் கேட்பவர் யார்? இவ்வினாவே இன்றைய உரைக்கு அடிப்படை.

முதலில் சொல்லின் வரலாற்றைக் காண்போம். மக்களைக் கொன்று குவிக்கும் கொடுமை உலகில் மிகப் பழையது. எனினும் அக்குற்றத்துக்குத் தனிப்பெயர் 1944-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. போலந்து நாட்டு யூத வழக்கறிஞராகிய இராபேல் லெம்கின், கிரேக்கச் சொல் ஒன்றையும் இலத்தீன் சொல் ஒன்றையும் இணைத்து 'ஜினோசைட்' என்ற புதுச்சொல்லைப் படைத்தார். இனப்படுகொலை என்று நாம் கூறுவது அதனையே. ஹிட்லரின் ஆட்சியில் அவருடைய உற்றார் உறவினர் பலர் மாண்டனர். குற்றத்துக்குப் பெயரில்லாதபோது அதைத் தடுக்கச் சட்டமும் இராது என்பது அவர் துணிபு.

இச்சொல் ஐக்கிய நாடுகள் சபையில் நுழைந்த வரலாற்றில் நமது நாட்டுக்கும் பங்கு உண்டு. 1946-ஆம் ஆண்டு, நாம் இன்னும் முழு விடுதலை பெறாத காலத்தில், கியூபா, பனாமா, இந்தியா ஆகிய மூன்று நாடுகள் சேர்ந்து இதனைக் குறித்த தீர்மானத்தை முன்மொழிந்தன. அவ்வாண்டு டிசம்பர் 11-ஆம் நாள் அது நிறைவேறியது. அதன் பயனாக 1948 டிசம்பர் 9-ஆம் நாள் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை உருவாயிற்று. ஒரு தேசிய இனத்தையோ, மரபினத்தையோ, நிறத்தாலோ மதத்தாலோ வேறுபட்ட ஒரு கூட்டத்தையோ, முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் கொலை முதலிய செயல்களே இனப்படுகொலை என்று அது வரையறுத்தது. உடன்பட்ட நாடுகள் அக்குற்றத்தைத் தடுக்கவும், செய்தவரைத் தண்டிக்கவும் கடமைப்பட்டவை என்றும் கூறியது. 'தடுக்கவும்' என்ற அச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தலைவர்கள் மேடையில் அளிக்கும் வாக்குறுதிகளுக்கெல்லாம் முன்னதாக, நாடுகளே எழுத்தில் கொடுத்துவிட்ட வாக்குறுதி அது.

இந்தியா 1949-ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வுடன்படிக்கையில் கையொப்பமிட்டு, 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் அதனை உறுதிசெய்தது. அதற்கு அடுத்த நாள், ஆகஸ்டு 28-ஆம் நாள், லெம்கின் நியூயார்க் நகரில் காலமானார். வாழ்நாள் முழுதும் நாடு நாடாக மன்றாடி நின்ற அம்மனிதர் வறுமையிலேயே மறைந்தார்.

வாக்குறுதி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு நம் பழந்தமிழ் இலக்கியத்திலேயே ஓர் அளவுகோல் உண்டு. புறப்பொருளில் 'வஞ்சினம்' என்றொரு துறை காணப்படுகிறது. போருக்குப் புறப்படும் மன்னன் அவையறியக் கூறும் சூளுரை அது. புறநானூற்றில் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் பாடியதாக ஒரு பாட்டு உளது. பகைவரை வெல்லாவிடின் என் குடிமக்கள் என்னைக் கொடியன் என்று தூற்றுக. மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாது விடுக. இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை என்னை வந்து சேர்க என்பது அதன் கருத்து. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. என்ன செய்வேன் என்று சொல்வதோடு மன்னன் நின்றுவிடவில்லை. செய்யத் தவறினால் தனக்கு வரவேண்டிய இழப்பையும் தானே அறிவிக்கிறான். அவ்விழப்பும் பிறர் அறியத்தக்கது. குடிகளும் புலவர்களும் அதற்குச் சாட்சி.

ஆகவே ஒரு வாக்குறுதியை எடைபோட மூன்று வினாக்கள் போதும். செய்யப்போவது யாது? எப்போதைக்குள் செய்வது? தவறினால் வாக்களித்தவருக்கு வரும் இழப்பு யாது? இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அண்மைக்கால வரலாற்றுக்குள் செல்வோம்.

1971-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் இரவு. அக்காலத்தில் கிழக்குப் பாகிஸ்தான் என்று வழங்கிய வங்க நிலத்தின் தலைநகராகிய டாக்காவில் பாகிஸ்தான் படை இறங்கியது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆசிரியர்கள் வீட்டிலேயே மாண்டனர். ஊர் ஊராகக் கொலையும் தீயும் பரவின. மாண்டோர் தொகை பற்றி இன்றளவும் கருத்து வேற்றுமை உண்டு. பங்களாதேச அரசு முப்பது இலட்சம் என்கிறது. ஆய்வாளர் பலர் அதனினும் குறைவாகக் கணக்கிடுவர். உயிருக்கு அஞ்சி எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தவர் தொகையோ ஏறத்தாழ ஒரு கோடி.

படுகொலை தொடங்கிய ஆறாம் நாள், மார்ச்சு 31-ஆம் தேதி, பிரதமர் இந்திரா காந்தி பாராளுமன்றத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது ஒருமனதாக நிறைவேறியது. அங்கு நிகழ்வது இனப்படுகொலைக்கு ஒப்பானது என்று அதில் வெளிப்படையாகக் கூறப்பட்டது. அம்மக்களின் போராட்டத்துக்கு இந்திய மக்களின் முழுமனத்தோடு கூடிய பரிவும் ஆதரவும் கிடைக்கும் என்ற உறுதியும் அளிக்கப்பட்டது. அதே நாட்களில், டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரகத் தலைவர் ஆர்ச்சர் பிளட் தம் அரசுக்கு அனுப்பிய தந்திகளில் நடப்பதை உள்ளபடியே எழுதினார். வாஷிங்டன் அதைச் செவிமடுக்கவில்லை. பாகிஸ்தானின் வழியாகச் சீனாவோடு உறவு தேட முயன்றுகொண்டிருந்த நிக்சனுக்கும் கிஸ்ஸிங்கருக்கும் வங்க மக்களின் உயிர் இரண்டாம் பட்சமாயிற்று. பிளட் டாக்காவிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்.

இந்தியத் தீர்மானத்தில் கால வரையறை இல்லை. தவறினால் இழப்பு யாது என்ற குறிப்பும் இல்லை. நமது மூன்று வினாக்களில் இரண்டுக்கு அதில் விடை கிடையாது. ஆயினும் அவ்வாக்கு நிறைவேறியது. எவ்வாறு? சொல்லுக்குப் பின்னால் வேலை நடந்தது. அகதிகளுக்கு முகாம்கள் அமைந்தன. ஆகஸ்டு 9-ஆம் நாள் சோவியத் நாட்டோடு நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலையுதிர் காலத்தில் பிரதமர் மேலை நாட்டுத் தலைநகரங்களுக்கெல்லாம் சென்று நிலைமையை விளக்கினார். படை ஆயத்தமாகும்வரை பொறுத்திருந்தது. டிசம்பர் 3-ஆம் நாள் போர் மூண்டது. டிசம்பர் 7-ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபையில் 104 நாடுகள் போர்நிறுத்தம் கோரும் தீர்மானத்தை ஆதரித்தபோது, எதிர்த்தவை பதினொரு நாடுகளே. இந்தியா ஏறத்தாழத் தனித்து நின்றது. டிசம்பர் 16-ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

இந்நிகழ்ச்சியில் கருணை மட்டுமே இருந்தது என்று கூறினால் அது உண்மையாகாது. ஒரு கோடி அகதிகளின் சுமை நாட்டை அழுத்தியது. பகைநாடு இரண்டாகப் பிரிவதில் அரசுக்கு நலனும் இருந்தது. உலக வரலாற்றில் தூய கருணையால் மட்டும் படை நகர்ந்த நிகழ்ச்சி அரிது. ஆனால் நலனும் கருணையும் ஒரே திசையில் சென்ற அவ்வேளையில் வாக்கைச் செயலாக்கும் திறமை அரசிடம் இருந்தது என்பதை மறுக்க இயலாது.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. 1971-ஆம் ஆண்டு நவம்பர் முதல், நாட்டில் தபால்களுக்கு அகதிகள் நிவாரணத்துக்கென ஐந்து காசு கூடுதல் முத்திரை ஒட்டவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. திருப்பூரிலிருந்த நூல் வியாபாரி கல்கத்தாவுக்கு எழுதிய கடிதத்திலும், பனியன் கம்பெனித் தொழிலாளி தன் ஊருக்கு எழுதிய கடிதத்திலும் அவ்வைந்து காசு ஏறியது. தான் ஒருநாளும் காணப்போகாத பத்மா நதிக்கரை மக்களுக்காக நொய்யல் கரையில் இருந்தவர் விலை கொடுத்தார். தலைவரின் வாக்கை மக்கள் தங்கள் பையிலிருந்து தாங்கிய காலம் அது.

இனி, உலகின் பிற பகுதிகளைச் சற்று நோக்குவோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் வில்லியம் பிராக்ஸ்மையர் என்றொரு செனட்டர் இருந்தார். இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையைத் தம் நாடு ஏற்கும்வரை, செனட் கூடும் ஒவ்வொரு நாளும் அதைப்பற்றிப் பேசுவேன் என்று 1967 ஜனவரியில் அவர் உறுதி பூண்டார். அவ்வாறே பத்தொன்பது ஆண்டுகள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முறை பேசினார். 1986-இல் செனட் இசைந்தது. 1988-இல் அமெரிக்கா உடன்படிக்கையை உறுதிசெய்தது. தன்னால் இயன்ற ஒன்றை மட்டும் வாக்களித்து, அதை நாள்தோறும் செய்துகாட்டிய மனிதர் அவர்.

ஆனால் ஆறே ஆண்டுகளில், 1994 ஏப்ரலில், ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் துத்சி இனத்தவர் கொல்லப்படலாயினர். நூறு நாட்களில் மாண்டவர் ஏறத்தாழ எட்டு இலட்சம் என்று கணக்கிடுவர். அங்கே ஏற்கெனவே சுமார் 2,500 ஐ.நா. அமைதி வீரர்கள் இருந்தனர். கொலை உச்சத்திலிருந்த ஏப்ரல் 21-ஆம் நாள், பாதுகாப்புச் சபை அத்தொகையை 270-ஆகக் குறைக்கத் தீர்மானித்தது. 'இனப்படுகொலை' என்ற சொல்லை உச்சரித்தால் தடுக்கும் கடமை வந்து சேரும் என்றஞ்சி, அமெரிக்க அதிகாரிகள் அச்சொல்லையே தவிர்த்தனர். நான்காண்டுகள் கழிந்து, 1998-இல், அதிபர் கிளிண்டன் ருவாண்டாவுக்கு நேரிற் சென்று, உலகம் உரிய காலத்தில் செயற்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். பாஸ்னியாவில் சிரெபிரெனிகா என்ற ஊரை 1993-இல் ஐ.நா. 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்தது. 1995 ஜூலையில் அவ்வூரைச் சார்ந்த எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடவரும் சிறுவரும் கொல்லப்பட்டனர். பாதுகாப்பு என்ற சொல்லை நம்பி அங்கே வந்து கூடியதே பலருக்கு முடிவாயிற்று. நிறைவேற்ற எண்ணமில்லாத வாக்குறுதி வெறும் பயனற்ற சொல் அன்று. ஓடித் தப்பியிருக்கக்கூடியவரை ஓடாது நிறுத்திவைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. இவ்வனுபவங்களின்பின் 2005-ஆம் ஆண்டு உலகத் தலைவர்கள் ஒன்றுகூடி, மக்களைக் காக்கும் பொறுப்பு எல்லா அரசுகளுக்கும் உண்டு என்று மீண்டும் ஒருமுறை வாக்களித்தனர்.

அவ்வாக்கின் மை உலர்ந்து நான்காண்டு ஆகுமுன்னர், நம் கடற்கரையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவிலுள்ள இலங்கையில் சோதனை வந்தது.

இலங்கை பற்றி நம் மாநிலத்தில் வாக்குறுதிகள் அதற்கு முன்பும் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் தாக்கப்பட்டபோது, தமிழகம் முழுவதும் கடையடைப்பு நடந்தது. கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தனர். 1987-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி இந்திய அமைதிப்படை இலங்கைக்குச் சென்றது. காக்கச் சென்ற படை விரைவில் விடுதலைப் புலிகளோடு போரிடும் நிலைமை உண்டாயிற்று. இந்திய வீரர் ஆயிரவருக்கு மேல் மாண்டனர். தமிழ்ப் பொதுமக்களும் பலர் மாண்டனர். 1990 மார்ச்சில் படை திரும்பியது. 1991 மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொலையுண்டார். இக்கசப்பான நினைவுகளையும் சேர்த்துக்கொண்டே 2008-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை நோக்க வேண்டும்.

2008 செப்டம்பரில், போர் வன்னியை நெருக்கியபோது, ஐ.நா. பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். மக்கள் அவர்கள் அலுவலகத்தின் வாயிலில் கூடி, போகவேண்டாம் என்று மன்றாடினர். அடுத்த மாதம், அக்டோபர் 14-ஆம் நாள், சென்னையில் முதலமைச்சர் கருணாநிதி தலைமையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. சில கட்சிகள் அதில் கலந்துகொள்ளவில்லை. இரண்டு வாரத்துக்குள் போர்நிறுத்தத்துக்கு மத்திய அரசு வழிசெய்யாவிடில், தமிழகத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் பதவி விலகுவர் என்று கூட்டம் தீர்மானித்தது. அக்டோபர் 24-ஆம் நாள் கொட்டும் மழையில் சென்னையில் மனிதச் சங்கிலி நீண்டது.

இத்தீர்மானத்தை நம் மூன்று வினாக்களால் அளந்து பாருங்கள். செய்யவேண்டியது போர்நிறுத்தம்; காலம் இரண்டு வாரம்; தவறினால் இழப்பது பதவி. நெடுஞ்செழியனின் வஞ்சினம் போன்றே மூன்று உறுப்பும் இதில் அமைந்திருந்தன. நடந்தது யாது? அக்டோபர் 26-ஆம் நாள் மத்திய அமைச்சர் பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து முதலமைச்சரைச் சந்தித்தார். நிவாரணப் பொருள்கள் அனுப்பப்படும். பொதுமக்களின் நலம் பேணப்படும் என்ற உறுதிகள் கிடைத்தன. பதவி விலகும் முடிவு கைவிடப்பட்டது. போர் நிற்கவில்லை.

இங்கேதான் நாம் நான்காவது வினா ஒன்றைச் சேர்க்கவேண்டியவராகிறோம். வாக்கு நிறைவேறியதா இல்லையா என்று தீர்ப்புக் கூறுபவர் யார்? பழைய வஞ்சினத்தில் அதைக் கூறுவோர் குடிமக்களும் புலவர்களும். 2008-ஆம் ஆண்டுத் தீர்மானத்திலோ, வாக்களித்தவர்களே நடுவராகவும் இருந்தனர். கேட்டது போர்நிறுத்தம், கிடைத்தது உறுதிமொழி. ஓர் உறுதிமொழிக்கு மற்றோர் உறுதிமொழியை ஈடாக ஏற்றுக்கொண்டபின், கெடு நாள் ஓசையின்றிக் கடந்துபோயிற்று.

2009 ஜனவரி 29-ஆம் நாள் முத்துக்குமார் என்ற இளைஞர் சென்னையில் மத்திய அரசு அலுவலக வாயிலில் தீக்குளித்து மாண்டார். அடுத்த மாதம், பிப்ரவரி 22-ஆம் நாள், கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்துத் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. தொகுதி மறுவரையறையால் திருப்பூர் என்ற புதிய பாராளுமன்றத் தொகுதியும் தோன்றியிருந்தது. அதன் முதல் தேர்தல் 2009 மே 13-ஆம் நாள் என்று குறிக்கப்பட்டது. தேர்தல் மேடைகளில் இலங்கைச் செய்தி முழங்கியது. இந்திரா காந்தி பங்களாதேசத்தை உருவாக்கியதுபோல், தம் சொல்லைக் கேட்கும் அரசு மத்தியில் அமைந்தால் இந்தியப் படையை அனுப்பித் தனி ஈழம் அமைப்பேன் என்று எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா ஏப்ரல் மாதத்தில் கூறினார். ஏப்ரல் 27-ஆம் நாள் காலை, முதலமைச்சர் கருணாநிதி மெரினாவில் அண்ணா நினைவிடத்தில் உண்ணாநோன்பு தொடங்கினார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்துவதில்லை என்று இலங்கை அரசு அன்றே அறிவித்ததும், சில மணி நேரத்தில் நோன்பு முடிந்தது. அவ்வறிவிப்புக்குப் பின்னும் குண்டுவீச்சு ஓயவில்லை என்று ஐ.நா. அமைத்த வல்லுநர் குழு பிற்பாடு கண்டறிந்தது.

மே 13-ஆம் நாள் திருப்பூர் மக்கள் தம் புதிய தொகுதியில் முதன்முறை வாக்களித்தனர். அன்றிலிருந்து ஐந்தாம் நாள் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இருவகை வாக்கும் ஒரே வாரத்தில் கைமாறின. உயிரிழந்தோர்க்கு இரண்டாலும் பயன் விளையவில்லை.

அவ்வல்லுநர் குழுவின் அறிக்கை 2011 ஏப்ரலில் வெளியாயிற்று. இறுதிக்கட்டத்தில் பொதுமக்களில் நாற்பதாயிரம் பேர் வரையில் இறந்திருக்கலாம் என்று அது கூறியது. மருத்துவமனைகள் மீது குண்டு விழுந்ததையும், பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்களே தாக்கப்பட்டதையும் அது எடுத்துரைத்தது. தப்பியோட முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்ததையும், சுட்டதையும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் மறைக்காது கூறியது. இது இனப்படுகொலையே என்று 2015 பிப்ரவரியில் இலங்கையின் வட மாகாண சபை தீர்மானித்தது. இலங்கை அரசு அதனை மறுக்கிறது. சர்வதேச நீதிமன்றம் எதுவும் இதுகாறும் தீர்ப்பு வழங்கவில்லை. மாணவர்கள் இவ்வேறுபாட்டை அறிந்து பேசுதல் நல்லது. சொல்லைப் பற்றிய வழக்கு முடியாமல் இருக்கலாம், மாண்டவர் மாண்டவரே. ஐ.நா. தன் செயலைத் தானே ஆராய்ந்து 2012 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, தன் கடமையில் தவறியதை ஒப்புக்கொண்டது.

அப்படியாயின், தொலைவிலுள்ள ஒரு தலைவரை எந்த அளவால் மதிப்பிடுவது? இதற்குச் சர்வதேச நீதிமன்றம் 2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பாஸ்னியா வழக்கில், தெளிவான விடை ஒன்று கூறியது. பெரும் ஆபத்து நேரவிருப்பதை அறிந்த கணத்திலேயே தடுக்கும் கடமை பிறந்துவிடுகிறது. கொலை முடியும்வரை காத்திருத்தல் ஆகாது. அணுக்கமும் செல்வாக்கும் எவ்வளவோ, கடமையும் அவ்வளவு. இறுதியில் வெற்றி கிடைத்ததா என்று நீதிமன்றம் கேட்பதில்லை. தன்னால் இயன்ற எல்லாவற்றையும் செய்தாயா என்றே கேட்கும். இது நியாயமான அளவுகோல். முடியாததைச் செய்யவில்லை என்று எவரையும் அது பழிப்பதில்லை. முடிந்ததைச் செய்யாமல் உரத்துப் பேசியவரை அது தப்பவிடுவதும் இல்லை.

இவ்வளவுகோலைத் தலைவர்களுக்கு மட்டும் நீட்டுவது முறையாகாது. நம் கைக்கு எட்டியது யாது என்று நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1983 முதல் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர், தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழத் தொடங்கினர். கொங்கு நாட்டில் பவானிசாகர் முகாம் அவற்றுள் ஒன்று. 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு அவற்றை 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றி, வீடுகள் கட்டவும் திட்டம் அறிவித்தது. முகாமிலேயே பிறந்து முகாமிலேயே வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. கல்லூரியில் உங்கள் அருகில் அமர்ந்திருப்பவரும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம். முள்ளிவாய்க்காலுக்குச் சென்று சேராத நம் பரிவு, பவானிசாகருக்குச் சென்று சேர்வதில் தடை ஏதும் இல்லை.

நம் நாட்டுச் சட்டத்திலும் ஒரு குறை எஞ்சியுள்ளது. இனப்படுகொலை என்ற குற்றம் நம் குற்றவியல் சட்டத்தில் தனியே இடம்பெறவில்லை என்பதை, 1984-ஆம் ஆண்டு தில்லிக் கலவர வழக்கொன்றில் தில்லி உயர்நீதிமன்றம் 2018 டிசம்பரில் சுட்டிக்காட்டியது. 1959-இல் உறுதிசெய்த உடன்படிக்கைக்கு உரிய சட்டத்தை இயற்றுமாறு கேட்பதும் குடிமகனின் வேலையே.

இறுதியாக ஒன்று. 1971-இல் நாம் காத்த பங்களாதேசம் இன்று ஆயத்த ஆடை ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. அந்நாட்டின் நாராயண்கஞ்சு நகரம் பின்னலாடைத் தொழிலில் திருப்பூருக்குப் போட்டியாகவே வளர்ந்துவிட்டது. விலைக்குறைவினால் நம் ஆர்டர்கள் அங்கே போய்விடுகின்றன என்று திருப்பூர் முதலாளிகள் வருந்துவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதே வேளையில், நம் நூற்பாலைகளின் நூல் அந்நாட்டுத் தறிகளுக்கும் செல்கிறது. அன்று ஐந்து காசு முத்திரை ஒட்டியவருடைய பேரன், தான் தைத்த பனியனின் விலையை நாராயண்கஞ்சுப் பனியனின் விலையோடு இன்று ஒப்பிட்டுப் பார்க்கிறான். தாத்தா செய்தது நட்டமா? அவ்வாறு யாரும் நினைப்பதில்லை. அம்மக்கள் உயிரோடிருந்து, உழைத்து, நமக்கே போட்டியாக வந்து நிற்பதுதான் அன்று கொடுத்த வாக்கு நிறைவேறியதற்குச் சான்று.

இனி ஒரு தலைவர் அயல்நாட்டுப் படுகொலையைத் தடுப்பேன் என்று உங்கள் முன் முழங்கினால், கைதட்டுவதற்கு முன் அந்நான்கு வினாக்களையும் கேளுங்கள்: செய்வது யாது, எப்போதைக்குள், தவறினால் உமக்கு இழப்பு யாது, தீர்ப்புக் கூறுபவர் யார்? அவற்றோடு ஐந்தாவதாக உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இவ்வாக்கின் விலையில் என் பங்கைத் தர நான் ஆயத்தமா? கொடியை விடாத குமரனின் ஊரில் பிறந்தவர்களுக்கு இவ்வினா புதியதன்று.